அறுபத்து மூன்று பூஜ்யங்கள்

மே 26, திங்கள்

இந்த டைரி நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. கம்மல் வாங்கியவள் சொர்ணம். கூடப் போய் வெயிலில் நின்றதற்கு டைரி எனக்கு. ஐந்து மாதம் காலியாகக் கிடந்ததை இன்று எடுத்துவிட்டேன். யாரிடமாவது புலம்பியாக வேண்டும். சொர்ணத்திடம் புலம்பினால் சமாதானபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டையில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையத்தில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். சொர்ணம் போன் பார்க்கிறாள். அண்ணாச்சி எங்கள் இருவரையும் பார்க்கிறார். என் வயது நாற்பது சொச்சம். இங்கே நான் முதலில் வந்தது வேலைக்கு அல்ல, வரன் பதிய. மாப்பிள்ளை அமையவில்லை, வேலை அமைந்தது. கல்யாணம் முடித்துவைக்க முடியாத பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்த தகவல் மையம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு, வரன் மேளா. எங்களிடம் பதிந்திருக்கும் ஆயிரத்து நானூறு பேரும் ஒரே புத்தகத்தில் வர வேண்டும்.

"ஏ பிள்ளை ஆவுடை, வயசு வரிசைல போட்டுரு. இளசு முன்னால, முத்தினது பின்னால. ஒரு பேரு விட்டுப்போகப்பிடாது. அடுத்த மேளா இனி மூணு வருசம் கழிச்சுத்தான்" என்றார் அண்ணாச்சி.

கம்ப்யூட்டரிடம் வரிசை கேட்டேன். அதற்கு ஒன்றும் புரியவில்லை. பாரத்தின் வயதுப் பெட்டிக்குள் 34 என்று இருந்தாலும் அது அதற்கு எண் இல்லையாம், வெறும் எழுத்தாம். எழுத்தை முழு எண்ணாக மாற்றிக் கொடுத்தால்தான் எது பெரிது, எது சிறிது என்று தெரியுமாம். ஒரு நாள் வேலை. செய்துவிடலாம்.

மே 27, செவ்வாய்

ஒரு நாள் வேலை இல்லை.

வயது கேட்ட பெட்டியில் நம் ஜனங்கள் என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். "33 முடிந்து 34 நடப்பு." "முப்பது." "29, பார்த்தால் 25." "ஜாதகத்தில் 31, சர்டிபிகேட்டில் 29." "நேரில்." ஒருவர் தன் போன் நம்பரையே வயதாகப் போட்டிருந்தார், அவ்வளவு பெரிய எண்ணைத் தாங்க முடியாமல் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது.

எண்களை மட்டும் பொறுக்கி எடு, எழுத்துகளைத் தள்ளு என்று எழுதினேன். "33 முடிந்து 34 நடப்பு" என்ற பேட்டை மாப்பிள்ளைக்கு 3334 வயதாகிவிட்டது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யாரு பிள்ளை இது? தாமிரபரணிக்கு முன்னாலயே பொறந்தவனா?"

குழாயில் தண்ணீர் வரும் நாள் இன்று. மூன்றாவது குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன்.

மே 29, வியாழன்

முதலில் வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள் என்று மாற்றினேன். "3வது பையன், வயது 36" என்று எழுதியிருந்த வீரவநல்லூர்ப் பையனுக்கு மூன்று வயது. சொர்ணம் அவன் போட்டோவைப் பார்த்து, "மீசை நல்லா வளந்திருக்கே யக்கா, மூணு வயசுக்கு" என்றாள்.

இன்னொருவருக்கு 234 வயது. இதற்கு அண்ணாச்சிதான் காரணம். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் சட்டம். போனில் பாரம் நிரப்பியவர், சுழி போலவே அழகாக இருக்கிறது என்று இரண்டைக் குறிக்கும் பழைய தமிழ் எண் ௨-வைத் தட்டி, பக்கத்தில் 34 போட்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு எல்லா மொழி எண்ணும் தெரியும், பிள்ளையாரைத்தான் தெரியாது.

மே 30, வெள்ளி

குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டேன். கீழ் வீட்டில் இருக்கும் தம்பிக்கும் கொடுத்தனுப்பிவிட்டேன். கீழே இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

மாதத்தின் முதல் திங்கள். பதினொன்றரைக்குப் போன் வந்தது. எடுக்கும் முன்பே சொர்ணம், "உங்க ஆளு" என்றாள். என் ஆள் எல்லாம் ஒன்றுமில்லை. அவர் பெயர் குற்றாலநாதன். கரண்ட் ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கு என்று திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்பது ஆகிவிட்டது. ஒன்பது வருஷமாக மாதத்தின் முதல் திங்கள் பதினொன்றரைக்குப் போன் செய்கிறார். நான் அவரைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். நல்ல குரல்தான். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"வணக்கம் மேடம். நமக்கு ஏதும் வந்திருக்கா?"

"இன்னும் ஒண்ணும் வரலை சார்."

"சரி மேடம். நீங்க என்ன செய்வீய. மதியம் சாப்பிட்டாச்சான்னு கேக்கப்பிடாது, பதினொன்றரைதான் ஆகுது. காப்பி குடிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

இவ்வளவுதான். ஒன்பது வருஷமாக இவ்வளவுதான்.

வயது மாற்றும் வேலையில் இருந்ததால், சும்மா அவர் பாரத்தையும் திறந்தேன். வயதுப் பெட்டியில் "40 நடப்பு" என்று பதிந்த அன்றைய தேதியோடு இருந்தது. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் தன் உபயோகத்துக்கு என்று ஒரு வயது வைத்திருக்கும். திரையில் தெரியாது, பொருத்தம் தேடும்போது மட்டும் எடுத்துக்கொள்ளும். அதைத் தோண்டிப் பார்த்தேன்.

ஒன்பது.

குற்றாலநாதன் சாருக்கு ஒன்பது வயது. 

ஜூன் 3, செவ்வாய்

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

பழைய புரோகிராமில் ஒரு வரி இருக்கிறது. வயதை எண்ணாக மாற்றிப் பார். முடியவில்லையா, பூஜ்யம் போடு. "40 நடப்பு" என்பதில் "நடப்பு" என்ற எழுத்து இருப்பதால் மாற்ற முடியவில்லை. பூஜ்யம் போட்டுவிட்டது. வருஷத்துக்கு ஒன்று கூட்டிக்கொண்டே வந்து இப்போது ஒன்பது. ஆணுக்கு இருபத்தொன்றும் பெண்ணுக்குப் பதினெட்டும் நிறையாதவர்களை யாருக்கும் காட்டாதே என்று வேறு ஒரு வரி. அது சட்டம், அதன் மேல் தப்பில்லை. ஆக, குற்றாலநாதன் சாருடைய பாரத்தை இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பெண் வீட்டாருக்குக்கூட நாங்கள் காட்டவில்லை. இன்னும் பன்னிரண்டு வருஷம் பொறுத்தால் காட்டலாம்.

பழைய பாரங்களில் இப்படி எத்தனை பேர் என்று எண்ணினேன். அறுபத்து மூன்று. நாயன்மார் கணக்கு. எல்லோரும் பதிந்தார்கள், போட்டோ கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லையே, நமக்கு ராசியில்லை போல என்று நினைத்திருப்பார்கள். அறுபத்து மூன்று பெயர்களையும் வரிசையாகப் படித்தேன். ஒரு பெயரைப் படிக்கும்போது மட்டும் மின்விசிறி சத்தம் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

எந்தப் புத்திசாலி இந்த வரியை எழுதினானோ! அதற்கு மேலே "பிறகு பார்க்கலாம்" என்று ஒரு குறிப்பு வேறு. பிறகு என்றால் எப்போது என்று எழுதியவன் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"அறுவத்து மூணு பேரா? யாரு பிள்ளை செஞ்ச வேலை இது?"

"பழைய புரோகிராம் அண்ணாச்சி. எவனோ எழுதியிருக்கான்."

"மெசின் வித்தவன் அப்பம் ஒரு ஆளை அனுப்புனான்லா? ஊதா சட்டை. அவனாத்தான் இருக்கும்."

 ஊதாச் சட்டைக்காரர் பிளக்கைச் சொருகி, காப்பி குடித்துவிட்டுப் போனவர். அண்ணாச்சி அந்தக் கடைக்குப் போன் போட்டு, ஊர் கேட்கச் சத்தம் போட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வீண்.

ஜூன் 6, வெள்ளி

வயது தெரியாதவர்களை என்ன செய்வது என்றே புரியவில்லை. பூஜ்யம் போட்டால் குழந்தை ஆகிறார்கள். போடாவிட்டால் புரோகிராம் நின்றுவிடுகிறது. மேளாவுக்குப் பதினாறு நாள்.

சொர்ணம் யோசனை சொன்னாள். "தெரியாத ஆளுக்கெல்லாம் முப்பது போட்டுருங்க யக்கா. யாரு வேண்டாம்னு சொல்லப்போறா?"

போட்டுப் பார்த்தேன். அம்பாசமுத்திரத்தில் மருமகள் எடுத்த, மனைவியை இழந்த ஒரு பெரியவர் முப்பது வயதில் இருபத்தாறு பெண்களுக்குப் பொருந்தினார். ஒரு பெயருக்கு முப்பது வயது என்று வந்தபோது எனக்குக்கூடக் கொஞ்சம் ஆசையாக இருந்தது. உடனே அழித்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

இட்லி மாவு பொங்கவில்லை. எதுவும் பொங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுத உட்கார்ந்து, மூன்று தடவை பேனாவை மூடித் திறந்துவிட்டேன்.

பத்தரை மணி இருக்கும். வாசலில் ஒருவர் வந்து, "ரீடிங்" என்றார். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிறவர் இல்லை. காது கொஞ்சம் பெரிது. சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் "மீட்டர் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு" என்றேன். அவர் போகவில்லை.

"நீங்க ஆவுடை மேடம்தானே? குரல்லயே பிடிச்சிட்டேன். நான் குற்றாலநாதன். இந்தத் தெரு இப்பம் என் ரூட்ல வந்திட்டு."

சொர்ணம் போனைக் காதில் வைத்தபடியே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். போனில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என்ன பேசுவது என்று தெரியாமல் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "ஏன் சார், நீங்க போற நேரம் வீடு பூட்டியிருந்தா என்ன செய்வீய? பூஜ்யம்னு எழுதிக்கிடுவீயளா?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லா கேட்டீய போங்க. பூஜ்யம் போட்டா அந்த வீட்ல கரண்டே ஓடலைன்னுல்லா ஆயிரும்? டோர் லாக்னு போடுவோம். கதவு பூட்டு. உள்ள மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நான் பாக்கலை, அவ்வளவுதான். மறுபடி போய்ப் பாக்கணும்."

"உத்தேசமா ஒண்ணு போட்டா?"

"போட்டா என் சீட்டு கிழிஞ்சிரும்." பிறகு குரலைத் தணித்தார். "நமக்கு இந்த மாசமும் ஒண்ணும் வரலைல்லா?"

நான் "மீட்டர் படிக்கட்டுக்குக் கீழ" என்று மறுபடியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

முடிந்தது. அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். இப்போது புரோகிராம் ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொல்கிறது. முதலில், எண்ணாக மாற்ற முடிந்ததா இல்லையா. முடிந்தது என்றால் மட்டும் அந்த எண். முன்னும் பின்னும் வெற்றிடம் இருந்தால் துடைத்துக்கொள்ளும். பதினெட்டுக்குக் கீழே, எண்பதுக்கு மேலே வந்தால் நம்பாது. ஒரு எழுத்து கூட இருந்தாலும் ஊகம் கிடையாது. "கேட்க வேண்டும்" என்ற பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். நிற்கவும் நிற்காது, புளுகவும் புளுகாது.

இந்தக் குணம் எனக்கு இருந்திருக்கலாம்.

மேளாவுக்காகப் புதிதாகப் பதிந்தவர்களைச் சொர்ணம் இன்றே போனில் கேட்டுத் தீர்த்துவிட்டாள். பாக்கி, பழைய அறுபத்து மூன்று.

ஜூன் 12, வியாழன்

அண்ணாச்சி இன்றும் அந்த மெஷின் கடைக்குப் போன் போட்டார். ஊதாச் சட்டைக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். "எங்க இருந்தாலும் பிடிச்சிட்டு வாரும்வே! அவன் கையாலதான் இத்தனை குடும்பம்..." என்று கத்திக்கொண்டிருக்கும்போது, போனைத் துண்டித்துவிட்டேன். முதலாளியின் போனை.

"அது நான் எழுதுனது அண்ணாச்சி."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்த புதிது. நோட்டிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். நான் மூன்று மாத கோர்ஸ் படித்த திமிரில் இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் புரோகிராம் நின்றுவிட்டது. அன்றைக்கு ஐந்து மணிக்கு என்னைப் பார்க்கத் தென்காசியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. வீட்டுக்குப் போய் முகம் கழுவி, சேலை மாற்ற வேண்டும். பூஜ்யம் போடு, பிறகு பார்க்கலாம் என்று எழுதிவிட்டு ஓடினேன். வந்தவர்கள் கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த வரியைத் திறந்து பார்க்கும் தெம்பு இல்லை. அதற்கப்புறம் மறந்துபோனது.

எல்லாவற்றையும் சொன்னேன். சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி போனை மேஜை மேல் வைத்தார். பிறகு, "ஊதாச் சட்டைக்காரன்ட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். அறுவத்து மூணு பேர்ட்டயும் நீ கேக்கணும். சொர்ணம் கேக்கப்பிடாது, நீ கேக்கணும். காரணத்தையும் சொல்லணும். உன் வேலையப் பத்தி மேளா முடிஞ்சு பேசுவோம்" என்றார்.

ஜூன் 14, சனி

பதினெட்டு பேர் ஆயிற்று. ஏழு பேருக்கு வேறு வழியில் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒருத்தி, "எம் பிள்ளை ஒண்ணாப்பு படிக்கான், இப்பம் போய் வயசு கேக்கீய" என்று சிரித்தாள். ஒருவர் திட்டினார். முழுதாகக் கேட்டுக்கொண்டேன். களக்காட்டில் ஒரு அம்மா திட்டவில்லை. "பொண்ணுக்கு அமையலைன்னு வாசலை இடிச்சு வடக்க மாத்தி வச்சோமேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாசலை இடித்ததே நான்தான் என்ற மாதிரி இருந்தது எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

அறுபத்தொன்று. தொண்டை கட்டிவிட்டது. சொர்ணம் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு வார்த்தை வம்பு பேசாமல்.

இன்னும் இரண்டு.

ஜூன் 18, புதன்

பதினொன்றரைக்கு நானே போன் செய்தேன்.

"இன்னைக்கு முதல் திங்கள் இல்லையே மேடம்" என்றார்.

சொன்னேன். நான் எழுதிய வரி என்பதையும் சொன்னேன். மறுமுனையில் எங்கேயோ ஒரு ஆட்டோ போனது. கிரைண்டர் ஓடியது. ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார் போல.

"அப்பம்... என்னை யாரும் வேண்டாம்னு சொல்லலையா?"

"யாரும் பாக்கவே இல்லை சார்."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தர் கூட."

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் மெதுவாக, "ஒன்பது வருசம் டோர் லாக்" என்றார். பிறகு, "ஒவ்வொரு மாசமும் சட்டையை மாத்தி, தலையச் சீவிக்கிட்டுத்தான் மேடம் உங்களுக்குப் போன் போடுவேன். போன்ல தெரியாதுன்னு தெரியும். இருந்தாலும்" என்றார். கோபம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் போனை வைக்கவில்லை.

"வயசு என்ன எழுத சார்?"

"நாற்பத்தொன்பது நடப்பு. 'நடப்பு'ங்கிறதை விட்டுருங்க."

"எதிர்பார்க்கிற வயசு?"

"பாரத்துல என்ன போட்டிருக்கேன்?"

"'உங்கள் இஷ்டம்'னு போட்டிருக்கீய."

"அப்பம் அது கேக்க வேண்டியதுல இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "அறுவத்து மூணுல நான் எத்தனாவது?" என்று கேட்டார்.

"அறுவத்திரண்டு."

"மிச்சம் ஒண்ணு?"

"போன் எடுக்கலை" என்றேன். பொய் இல்லை. அந்த நம்பருக்கு நான் போன் போட்டால் என் கைப்பையில்தான் மணி அடிக்கும்.

ஜூன் 20, வெள்ளி

புத்தகம் அச்சுக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "வயது கேட்க வேண்டியவர்: பதிவு எண் 412, பெண்." எடுத்துவிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்கு 412 யார் என்று தெரியும். அந்தப் பாரத்தை நோட்டில் எழுதியதே அவர்தான். "விட்டுப்போகப்பிடாதுன்னு சொன்னேம்லா" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

மேளா. மண்டபம் முழுக்க மல்லிகையும் ஜெராக்ஸ் மையும் கலந்த வாசனை. களக்காட்டு அம்மா மகளோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசினார். அண்ணாச்சி மைக்கில் ஒவ்வொரு பெயராக வயது வரிசையில் வாசித்தார். ஒருவருக்கும் 3334 இல்லை. என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துரு, லேட்டாக்காதே" என்றார்.

மதியப் பந்திக்குக் கூட்டம் எழுந்து போன நேரம், எதிர் நாற்காலியில் குற்றாலநாதன் சார் வந்து உட்கார்ந்தார். வெளுத்த சட்டை. தலை சீவியிருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்த 412 போன் எடுத்தாவளா மேடம்?"

"எடுக்கலை."

"கதவு பூட்டோ?"

"ஆள் உள்ளதான் இருக்காவ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் பையிலிருந்த இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார். "அப்பம் ரீடிங் எடுத்துரலாம். என்ன போட?"

நாற்பது சொச்சம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பழக்கம். பக்கத்தில் சொர்ணம் பேப்பர் அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"நாற்பத்தாறு" என்றேன்.

"முடிஞ்சதா, நடப்பா?"

"நடப்பு."

அவர் குனிந்து, 412-க்குப் பக்கத்தில், முன்னாலும் பின்னாலும் ஒரு எழுத்தும் இல்லாமல், 46 என்று எழுதினார்.